சுட்ட கைக்கு முதல் மருந்து

விருத்தாசலத்தில் சூளைக்கு ஓய்வு கிடையாது. நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல்விளக்கு, வருடம் முழுக்க ஃபியூஸ் கேரியர், பீங்கான் இன்சுலேட்டர் என்று ஏதாவது ஒன்று வெந்துகொண்டே இருக்கும். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலால் பேர் பெற்ற திருமுதுகுன்றமான இந்த ஊருக்கு, சுதந்திரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த இன்னொரு அடையாளம் செராமிக். பக்கத்தில் நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தைத் தோண்டும்போது மேலடுக்கில் கிடைக்கும் வெள்ளைக் களிமண் இந்தத் தொழிலுக்கு அடிப்படை. செராமிக் தொழிற்பேட்டை, செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகம், தமிழ்நாடு சிமெண்ட் கழகத்தின் ஸ்டோன்வேர் குழாய் ஆலை என்று அந்த மண்ணைச் சுற்றி ஓர் ஊரே வளர்ந்தது.

இந்தத் தொழிலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஏற்றுமதி, எரிவாயு விலை, சீனப் பொம்மைப் போட்டி என்று பேசுகிறோம். அந்த விளக்கையும் பொம்மையையும் சூளையிலிருந்து எடுத்து அடுக்குகிற கைகளைப் பற்றிப் பேசுவதில்லை. நெருப்போடு வேலை செய்கிறவருக்குச் சுடுவது சகஜம்தானே என்று ஊரும் நினைக்கிறது, சுட்டுக்கொண்டவரும் நினைக்கிறார். கையை உதறிவிட்டு வேலையைப் பார்க்கிறார். மாலையில் வீட்டுக்குப் போனால் விரலில் கொப்புளம். யாராவது ஊசி எடுத்துவந்து குத்திவிடுகிறார்கள். மூன்றாம் நாள் சீழ். சூளைக்காரருக்கு மட்டுமல்ல, இட்லிப் பானையைத் திறக்கிறவருக்கும் தோசைக்கல்லில் விரல் பட்டவருக்கும் பைக் சைலன்சரில் கெண்டைக்காலைச் சுட்டுக்கொண்டவருக்கும் தமிழ்நாடு முழுவதும் இதே கதைதான் நடக்கிறது. இந்தக் கதையை மாற்றப் பெரிய மருந்து எதுவும் தேவையில்லை. சரியான முதல் 20 நிமிடமும், பிறகு இரண்டு வாரப் பொறுமையும் போதும்.

கண்ணுக்குத் தெரியாத சூடு

சூளை எரியும்போது யாரும் அதைத் தொடப் போவதில்லை. ஆபத்து அது அணைந்த பிறகுதான். ஒரு பொருள் ஏறக்குறைய 525 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் நம் கண்ணுக்கு மங்கலாகவாவது சிவந்து தெரியும். அதற்குக் கீழே 300 டிகிரியில் இருக்கும் பொம்மையும் நேற்றே ஆறிப்போன பொம்மையும் பார்வைக்கு ஒன்றுதான். பீங்கான் வேக 1,200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அவ்வளவு சூடு ஏறிய சூளை ஆற வெகு நேரம் பிடிக்கும். மறுநாள் ஆர்டர் அனுப்ப வேண்டும் என்கிற அவசரத்தில், முழுதாக ஆறுவதற்கு முன்பே கதவைத் திறந்து சரக்கை இறக்கும்போதுதான் விரல் சுடுகிறது. சரக்கை விட, அதை ஏற்றிவைத்த டிராலியின் இரும்புச் சட்டம் இன்னும் மோசம். ஒரே சூட்டில் இருந்தாலும் பீங்கானைவிட இரும்பு வேகமாகத் தோலுக்குள் சூட்டை இறக்கிவிடும்.

மனிதத் தோல் எவ்வளவு தாங்கும்? அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் 1947இல் வெளியிட்ட ஆய்வுதான் இன்றும் இதற்கு அடிப்படை. 44 டிகிரி சூட்டில் தோல் கெட்டுப்போக சுமார் 6 மணி நேரம் ஆகும். 60 டிகிரியில் சில விநாடிகளே போதும். 70 டிகிரியில் ஒரு விநாடிகூட வேண்டாம். கொதிக்கிற ரசம் 100 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும், குழந்தையின் தோல் நம்முடையதைவிட மெல்லியது என்பதையும் சேர்த்து யோசித்தால், சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில் ரசப் பாத்திரம் சாய்வது எவ்வளவு பெரிய விபத்து என்று புரியும்.

செராமிக் பட்டறைகளில் நெருப்பே இல்லாமல் சுடுகிற பொருளும் ஒன்று உண்டு. அச்சு வார்க்கப் பயன்படும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தண்ணீரில் கலந்ததும் அது இறுகும்போது தானாகவே சூடாகும். கெட்டியாக, அதிக அளவில் கலந்தால் 60 டிகிரி வரை போகும். இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டு ஒரு பள்ளி மாணவி, தன் கையையே அச்செடுக்க நினைத்து பிளாஸ்டர் வாளிக்குள் கைகளை விட்டுவிட்டார். அது இறுகிப் பிடித்துக்கொண்டது. எடுக்க முடியவில்லை. பெரும்பாலான விரல்களை அவர் இழக்க வேண்டியதாயிற்று. பிளாஸ்டரைக் குச்சியால் கலக்குங்கள், கையால் கலக்காதீர்கள். பள்ளிக்கூடக் கைவினை வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும்.

20 நிமிடம்

சுட்டவுடன் கையை எடுத்துவிட்டோம், தப்பித்தோம் என்று நினைக்கிறோம். அடுப்பிலிருந்து இறக்கிவைத்த பிறகும் சோறு உள்ளே வெந்துகொண்டிருப்பதுபோல, தோலுக்குள் இறங்கிய சூடு ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. மேல்தோலோடு நின்றிருக்க வேண்டிய காயம் அடித்தோல் வரை போவது இந்த நேரத்தில்தான். அதை நிறுத்துவது ஓடும் தண்ணீர். குழாயைத் திறந்து, சுட்ட இடத்தின் மேல் மிதமான வேகத்தில் தண்ணீர் ஓட விட வேண்டும். 2 நிமிடம் போதாது. 20 நிமிடம்.

ஆஸ்திரேலியாவில் தீக்காயத்தோடு வந்த ஏறத்தாழ 2,500 குழந்தைகளின் சிகிச்சைப் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. காயம் பட்ட மூன்று மணி நேரத்துக்குள் 20 நிமிடம் ஓடும் தண்ணீர் கிடைத்த குழந்தைகளுக்கு, தோலை வெட்டி ஒட்டும் அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. ஒரு பைசா செலவில்லாத தண்ணீர், அறுவை சிகிச்சைக் கூடத்துக்குப் போகாமல் ஒரு குழந்தையைக் காப்பாற்றுகிறது. சுட்டு ஒரு மணி நேரம் கழித்து ஞாபகம் வந்தாலும் பரவாயில்லை, அப்போதும் தண்ணீரில் காட்டுங்கள். மூன்று மணி நேரம் வரை பலன் உண்டு.

விருத்தாசலம் இருக்கும் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சித்திரை வைகாசி மதியத்தில் மொட்டைமாடி பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே கையைச் சுடும். அதைச் சுட்ட புண்ணில் விடக்கூடாது. குழாயில் முதலில் வரும் வெந்நீரை ஓடவிட்டுப் பாருங்கள். குளிரவில்லை என்றால் கிணற்று நீரோ, அடிகுழாய் நீரோ, வீட்டில் இருக்கிற மண்பானைத் தண்ணீரோ எடுத்துச் சொம்பால் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். பானைச் சுவரில் கசிந்து ஆவியாகும் நீர் உள்ளே இருப்பதைக் குளிர வைத்திருக்கும். இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான குளிர்ச்சி கிடையாது. பிரிட்ஜில் இருக்கிற ஐஸ் கட்டி வேண்டாம். ஐஸ் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஏற்கெனவே சிதைந்த தோலுக்கு வரும் கொஞ்ச ரத்தத்தையும் நிறுத்திவிடும். வலி குறைவதுபோல் இருக்கும், காயம் ஆழமாகியிருக்கும்.

தண்ணீர் காட்டும்போதே மோதிரம், வளையல், மெட்டி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அரை மணி நேரத்தில் வீக்கம் வந்துவிடும்; அப்புறம் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். நனைந்த துணியை அகற்றலாம். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை, குறிப்பாக உருகி ஒட்டிய பாலியஸ்டர் துணியை இழுக்காதீர்கள், மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். கைக்குழந்தைக்கோ, உடம்பில் பெரிய பகுதி வெந்தவருக்கோ தண்ணீர் காட்டும்போது மற்ற இடங்களைப் போர்வையால் மூடி வையுங்கள். உடம்பு முழுக்கக் குளிர்ந்துபோனால் அது வேறு ஆபத்து.

மாவும் மையும் பேஸ்ட்டும்

என் தலைமுறைக்கு நினைவிருக்கும்: கை சுட்டால் பேனா மை. மைப் புட்டியைக் கவிழ்த்து நீலமாகப் பூசிவிடுவார்கள். அதற்குப் பிறகு வந்தது பற்பசை. இட்லி மாவு எல்லாக் காலத்துக்கும் பொது. முட்டை வெள்ளைக்கரு, காபித்தூள், உப்பு, நெய், தேங்காய் எண்ணெய், சில கிராமங்களில் சாணம் என்று ஊருக்கு ஊர் வேறுபடும். நம் பாட்டிமார்கள் இதையெல்லாம் அக்கறையோடுதான் செய்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

இட்லி மாவு குளிர்ச்சியாக இருக்கும், உண்மை. அந்தக் குளிர்ச்சி தண்ணீரின் குளிர்ச்சியே. ஆனால் புளித்த மாவு என்பது உயிருள்ள நுண்கிருமிகள் நிறைந்தது. காப்பிழந்த தோலில் அதைப் பூசிக் காயவிட்டால், பிறகு பிய்த்தெடுக்கும்போது கொப்புளமும் சேர்ந்து பிய்ந்துவரும். பற்பசையில் இருக்கும் புதினாச் சத்து சில்லென்று இருப்பதுபோல் ஓர் உணர்வைத் தரும், சூட்டைக் குறைக்காது. நெய்யும் எண்ணெயும் சுட்ட உடனே பூசினால் சூடு வெளியேறாமல் மூடிவிடும். மையும் மஞ்சளும் காபித்தூளும் காயத்தின் நிறத்தையே மறைத்துவிடுவதால் எவ்வளவு ஆழம் என்று மருத்துவரால் கண்டுபிடிக்க முடியாது. கழுவித்தான் பார்க்க வேண்டும், அந்த வலி நோயாளிக்கு. சாணத்தில் வில்வாத நோயை, அதாவது டெட்டனஸை உண்டாக்கும் கிருமி இருக்கலாம். அதைப் பற்றி இரண்டாவது கருத்துக்கே இடமில்லை.

தேன், வாழையிலை, சோற்றுக் கற்றாழை மூன்றையும் இந்தப் பட்டியலில் சேர்த்துத் தூக்கி எறிய நான் தயாராக இல்லை. மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் சுப்ரமண்யம் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், மேலோட்டமான தீக்காயங்களுக்குத் தேன் வைத்துக் கட்டியதையும் வழக்கமான சில்வர் சல்ஃபாடயசின் களிம்பையும் ஒப்பிட்டு 1991இல் எழுதினார். தேன் வைத்தவை சீக்கிரம் ஆறின. மும்பையில் மருத்துவர் மாதுரி கோரே, தீக்காயக் கட்டுக்கு வாழையிலையைப் பயன்படுத்தி 2003இல் அதன் பலனைப் பதிப்பித்தார். வாழையிலையின் மெழுகுப் பரப்பு புண்ணில் ஒட்டுவதில்லை. கட்டு மாற்றும்போது வலி இல்லை. விலையோ மிகவும் மலிவு. அம்மை கண்டவரையும் தீக்காயம் பட்டவரையும் வாழையிலையில் படுக்கவைத்த நம் வழக்கத்துக்கு ஓர் ஆய்வுச் சான்று கிடைத்தது என்றே இதைச் சொல்லலாம். ஆனால் அங்கே இலைகளைத் துணியில் ஒட்டி, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கம் செய்துதான் பயன்படுத்தினார்கள். மருத்துவத் தேனும் அப்படித்தான், கதிர்வீச்சால் கிருமி நீக்கியது. கொல்லை வாழையிலையும் கடைத் தேனும் அவற்றுக்கு ஈடாகா. கற்றாழைச் சோற்றை, தண்ணீர் காட்டி ஆறவைத்த பிறகு, கொப்புளம் வராத, தோல் உடையாத சிவப்புக்கு மட்டும் தடவலாம்.

கொப்புளம் என்பது கட்டு

சுட்ட சில நிமிடங்களிலோ, சில நேரம் மறுநாளோ தோல் உப்பி, உள்ளே நீர் கோத்துக்கொள்கிறது. மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் உள்ள பிடிப்பு சூட்டில் விட்டுப்போய், அந்த இடைவெளியில் ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்த நீர் நிறைவதே கொப்புளம். அந்த நீர் கெட்ட நீரல்ல. அதை வெளியேற்றினால்தான் ஆறும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அது மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. உண்மையில் மேலே இருக்கும் அந்தத் தோல்தான் உடம்பு தனக்குத் தானே போட்டுக்கொண்ட கட்டு. எந்த மருந்துக் கடையிலும் அதைவிடச் சுத்தமான கட்டு கிடைக்காது. கிருமியை உள்ளே விடாது, ஈரத்தை வெளியே விடாது, கீழே இருக்கும் நரம்பு நுனிகளைக் காற்றுப் படாமல் வைத்திருப்பதால் வலியும் குறைவு. அதன் அடியில் புதுத் தோல் படர்ந்ததும், நீரை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். மேல்தோல் காய்ந்து தானாக உதிரும்.

ஆகவே சிறிய கொப்புளத்தைக் குத்தாதீர்கள். ஊசியை நெருப்பில் காட்டியிருந்தாலும் குத்தாதீர்கள். பெரிய கொப்புளங்களை, குறிப்பாக மூட்டின் மேல் விறைப்பாக நிற்பவற்றை, மருத்துவர்கள் சில நேரம் திறந்து தோலை எடுப்பதுண்டு. அதைச் செய்வதா வேண்டாமா என்பதில் மருத்துவர்களிடையே வெவ்வேறு கருத்துகள் உள்ளன. அது கிருமி நீக்கிய கருவியோடு, பிறகு தகுந்த கட்டும் போட்டு, மருத்துவமனையில் செய்யும் வேலை. அதைப் பார்த்துவிட்டு நகவெட்டியோடு வீட்டில் உட்காரக் கூடாது.

தானாக உடைந்துவிட்டால் பயப்பட வேண்டாம். சூளையில் வேலை செய்கிற கையிலும் பாத்திரம் தேய்க்கிற கையிலும் கொப்புளம் உடையாமல் நிற்பது கடினம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, உடைந்த இடத்தை மிதமான சோப்பாலும் சுத்தமான தண்ணீராலும் மெதுவாகக் கழுவுங்கள். தொங்குகிற தோலைப் பிய்க்காமல், அதையே திரும்பப் புண்ணின் மேல் படிய வைத்துவிடுங்கள். சுத்தமான துணியால் ஒற்றி, வாசலின் மெலிதாகத் தடவி, ஒட்டாத வகைக் காஜ் துணி வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். மருந்துக் கடையில் பாரஃபின் தடவிய காஜ் என்று கேட்டாலே கிடைக்கும். பஞ்சை நேரடியாக வைக்காதீர்கள். இழைகள் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். விரல்களில் சுட்டிருந்தால் ஒவ்வொரு விரலுக்கும் நடுவே காஜ் வையுங்கள். இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டினால் ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கட்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றினால் போதும்; நனைந்தாலோ அழுக்கானாலோ உடனே மாற்றுங்கள். கட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுங்கள். வலிக்கு பாராசிட்டமால் போதும். முதல் இரண்டு நாள் கையைத் தொங்கவிடாமல் தலையணை மேல் உயர்த்தி வைத்தால் வீக்கமும் வலியும் பாதியாகும். மஞ்சள் நிற பர்னால் களிம்பு நம் வீடுகளில் நிரந்தரமாக இருக்கிறது. அது தண்ணீருக்கு மாற்று இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எந்தக் களிம்பும் 20 நிமிடத் தண்ணீருக்குப் பிறகுதான்.

"புண்ணை மூடாதே, காத்தாட விடு, காஞ்சாத்தான் ஆறும்" என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் உறுதியான நம்பிக்கை. லண்டனில் ஜார்ஜ் விண்டர் என்பவர் 1962இல் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. மூடி ஈரமாக வைத்த புண்ணில், காற்றாட விட்டுக் காய்ந்த புண்ணைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் புதுத் தோல் படர்ந்தது. காய்ந்து பொருக்குத் தட்டினால், புதுத் தோல் அந்தப் பொருக்குக்கு அடியில் வழி தேடித் தேடிப் படர வேண்டியிருக்கிறது. ஈரத்தில் நேராகப் படர்கிறது. இன்று உலகில் விற்கும் நவீனப் புண் கட்டுகள் பெரும்பாலும் இந்தக் கண்டுபிடிப்பின் வழி வந்தவை. சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கொலாஜென் படலமும் அதில் ஒன்று. மாட்டுத் தோலைப் பதனிடும் அறிவியலில் பிறந்த நிறுவனம், மனிதத் தோல் ஆற ஒரு படலத்தைத் தந்தது என்பதில் தமிழர்கள் பெருமைப்பட இடமிருக்கிறது.

மேலோட்டமான கொப்புளக் காயம் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆறும்போது அரிக்கும். சொறியாமல் மேலே தட்டிக்கொடுங்கள். தோல் முழுதாக மூடிய பிறகு தேங்காய் எண்ணெய் தடவினால் அரிப்பு அடங்கும். எண்ணெய்க்கு உரிய நேரம் இதுதான். புதுத் தோல் சில மாதங்களுக்கு வெயிலைத் தாங்காது, கருத்துவிடும். முழுக்கைச் சட்டை போடுங்கள்.

வீட்டு வைத்தியத்தின் எல்லை

இவ்வளவும் சிறிய காயத்துக்கு. சிறியது என்றால், சுட்டவருடைய உள்ளங்கையை விடச் சிறியது. விரல்களோடு சேர்ந்த ஒருவரின் உள்ளங்கை அவர் உடல் பரப்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம். குழந்தைக்குக் குழந்தையின் கைதான் அளவு. அதற்கு மேல் போனால் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது. முகம், பாதம், பிறப்புறுப்பு, பெரிய மூட்டு, கையின் பெரும்பகுதி ஆகிய இடங்கள் என்றால் அளவு சிறிதாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கையையோ விரலையோ சுற்றி வளையம்போல் வெந்திருந்தால், மின்சாரம் தாக்கியிருந்தால், அமிலமோ ரசாயனமோ பட்டிருந்தால், சூளைப் புகையை மூச்சில் இழுத்திருந்தால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை அல்லது முதியவர் என்றால், யோசிக்காமல் கிளம்புங்கள்.

வலி இல்லாத காயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுட்ட இடம் வெளுத்து, பதனிட்ட தோல்போல் தடித்து, தொட்டால் உணர்ச்சியே இல்லை என்றால், "பரவாயில்லை, வலிக்கவில்லை" என்று நிம்மதி அடைகிறார்கள். நரம்பு நுனிகளே எரிந்துபோனதால்தான் வலி இல்லை. அது ஆழமான காயம். கொப்புளத்தோடு வலிக்கிற காயத்தைவிட மோசமானது. பைக் சைலன்சர் சூடு பல நேரம் இந்த வகையில் முடிகிறது.

சர்க்கரை நோயாளிகளுக்கு இது இன்னும் பொருந்தும். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. பல வருடச் சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர், சித்திரை மாத உச்சி வெயிலில் கோயில் பிராகாரக் கருங்கல்லில் வெறுங்காலோடு சுற்றிவந்தால் உள்ளங்காலில் கொப்புளம் எழும், அவருக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து யாரோ பார்த்துச் சொல்வார்கள். அந்தக் கொப்புளம் காலை எடுக்கும் நிலைவரை கொண்டுபோகலாம். காலையிலோ மாலையிலோ கோயிலுக்குப் போங்கள், தினமும் ஒருமுறை உள்ளங்காலைப் பாருங்கள், கொப்புளம் இருந்தால் அது எவ்வளவு சிறிதானாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் காயத்தில் இரண்டு நாள் கழித்து வலி கூடினால், சீழோ நாற்றமோ வந்தால், சுற்றிச் சிவப்பு பரவினால், காய்ச்சல் அடித்தால், இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் அப்போதும் மருத்துவமனைதான். கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று யோசியுங்கள். ஐந்து பத்து வருடமாகிவிட்டது என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்ளலாம், சுட்ட புண்ணுக்கும் அது தேவை. விருத்தாசலத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய காயமென்றால் அங்கிருந்து கடலூர், சிதம்பரம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று அனுப்புவார்கள். மிகக் கடுமையானவை சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குப் போகும். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை தண்ணீர் காட்டிக்கொண்டே இருங்கள்.

ஒரு நாள் கூலி

சுட்ட விரலோடு மறுநாளும் வேலைக்கு வருகிறார்கள் என்பதைத் தைரியம் என்று நான் எழுத மாட்டேன். வராவிட்டால் கூலி இல்லை. பொம்மைக்கு வண்ணம் தீட்டுவதிலும், அகல்விளக்கை அடுக்குவதிலும், சரக்கைத் துடைத்துக் கட்டுவதிலும் பெண்களே அதிகம். வீட்டுக்குப் போனால் அதே கையோடு சமையலும் பாத்திரமும் துணியும். உடையாமல் வைத்திருங்கள், நனையாமல் வைத்திருங்கள் என்று மருத்துவக் குறிப்பு எழுதுவது சுலபம். அதைக் கடைப்பிடிக்க அவருக்கு மூன்று நாள் ஓய்வு வேண்டும், வீட்டில் இன்னொருவர் பாத்திரம் தேய்க்க வேண்டும். ஒரு கொப்புளம் சீழ் பிடிப்பதற்கு அறியாமை பாதிக் காரணம்தான். மீதிப் பாதி இது.

சட்டத்தில் வழி இல்லாமலில்லை. 150 தொழிலாளர்களுக்கு ஒன்று என்ற கணக்குக்குக் குறையாமல், எல்லா வேலை நேரத்திலும் எட்டும்படியாக முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 45ஆம் பிரிவிலேயே சொல்லியிருந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. வேலையில் ஏற்பட்ட காயத்தால், அந்த நாளைச் சேர்க்காமல் மூன்று நாளோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாவிட்டால், கூலியில் 90 சதவீதம் இ.எஸ்.ஐ. தரும். சுட்ட காயமும் வேலைக் காயம்தான். ஆனால் அதைப் பதிவு செய்ய வேண்டும். "சின்னக் கொப்புளம்தானே" என்று விட்டுவிட்டால் கிடைக்காது. 10 பேருக்கும் குறைவான ஆட்களோடு நடக்கும் சிறு பட்டறைகள் பொதுவாக இதற்குள் வருவதில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் நல வாரியங்களில் பதிந்துகொள்ளலாம். மண்பாண்டத் தொழிலாளர்களுக்கென்றே தமிழ்நாடு அரசின் நல வாரியம் இருக்கிறது.

இந்தியாவில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மிதமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் மருத்துவமனைக்கே வராத சூளைக் கொப்புளங்கள் இல்லை.

செராமிக் பட்டறை உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். சூளைக்குப் பத்தடி தூரத்தில், வெயில் படாத தொட்டியிலிருந்து ஒரு தண்ணீர்க் குழாய் போடுங்கள். அதன் பக்கத்தில் பாரஃபின் காஜும் வாசலினும் பேண்டேஜும் உள்ள ஒரு பெட்டி வையுங்கள். சூளை எத்தனை மணிக்கு அணைந்தது, எத்தனை மணிக்குத் திறக்கலாம் என்று கதவிலேயே சாக்பீஸால் எழுதிவையுங்கள். கனமான தோல் கையுறை வாங்கிக் கொடுங்கள். பழந்துணியைச் சுற்றிக்கொண்டு இறக்கச் சொல்லாதீர்கள். யாருக்காவது சுட்டால், 20 நிமிடம் அவர் குழாயடியில் நிற்கட்டும், அந்த 20 நிமிடத்துக்குக் கூலி பிடிக்காதீர்கள். கார்த்திகை ஆர்டர் வேலை சூடு பிடிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.